பத்தாம் நாள் காய்ச்சல்

கீமோ முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில், மாத்திரைப் பட்டியலுக்கும் அடுத்த முறை வரவேண்டிய தேதிக்கும் நடுவே ஒரு வரி இருக்கும்: காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு வரவும். பலர் அதைப் படிப்பதே இல்லை. படிக்கிறவர்களும், குடலிறக்கத்துக்கு அறுவை செய்தாலும் பல் பிடுங்கினாலும் எழுதித் தருகிற சம்பிரதாய வரி என்று நினைத்து ஃபைலை மூடிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் மூடினோம்.

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மூன்றாவது கீமோ போட்டுப் பத்தாம் நாள் இரவு உடம்பு சுட்டது. வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை. இருந்த ஒன்று எப்போதோ உடைந்துபோயிருந்தது. புறங்கையை நெற்றியிலும் கழுத்திலும் வைத்துப் பார்த்த பெரியப்பா, "லேசாத்தான் இருக்கு, காலைல பாத்துக்கலாம்" என்றார். ஒரு பாராசிட்டமால், அரை டம்ளர் கஞ்சி. வியர்த்தது, தூங்கினார். விடிந்ததும் உடம்பு குளிர்ந்திருந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. பதினொரு மணிக்குக் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம் வந்தது. கேஷுவாலிட்டியில் சேர்க்கும்போது மேல் ரத்த அழுத்தம் 80. டியூட்டி டாக்டர் இரண்டு கேள்விதான் கேட்டார். கீமோ போட்டு எத்தனை நாள் ஆச்சு? காய்ச்சல் எப்ப வந்தது? முதலாவதற்கு உடனே பதில் சொன்னோம். இரண்டாவதற்கு "நேத்து ராத்திரி" என்று சொல்ல வாய் கூசியது.

பெரியம்மா பிழைத்தார். ஐ.சி.யு.வில் நான்கு நாள், வார்டில் ஒரு வாரம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் டாக்டரின் இரண்டு கேள்விகளைத் துருவிக்கொண்டு போனேன். அவற்றுக்குப் பின்னால் அறுபது வருஷத்து ஆராய்ச்சி இருக்கிறது.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பிளந்து பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுசெல் அந்த வகை. ஆனால் உடம்பில் அதற்குச் சளைக்காமல் பெருகுகிற நல்ல இடங்களும் உண்டு: மயிர்க்கால், வாயிலிருந்து குடல்வரை விரிந்திருக்கும் உள்தோல், எலும்பு மஜ்ஜை. முடி கொட்டுவது கண்ணில் படுவதால் வீட்டில் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். மஜ்ஜையில் நடப்பது யாருக்கும் தெரிவதில்லை.

ஆரோக்கியமான மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. வெள்ளணுக்களில் பெரும்பான்மை இவைதான். கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிப்போய் அதை விழுங்கி, அங்கேயே மடிபவை. காயத்தில் கட்டுகிற சீழ் பெரும்பாலும் இவற்றின் பிணக்குவியல். சிவப்பணு ரத்தத்தில் ஏறக்குறைய 120 நாள் வாழும். டெங்குக் காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபடும் பிளேட்லெட் எட்டுப் பத்து நாள் தாங்கும். நியூட்ரோஃபில் ரத்தத்தில் சுற்றுவது சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள். ஆகவே உற்பத்தி நின்றால் முதலில் காலியாவது இதுதான்.

அப்படியென்றால் கீமோ போட்ட மறுநாளே ஆபத்து வந்திருக்க வேண்டாமா? ஏன் பத்தாம் நாள்? விளைச்சல் பொய்த்த அன்றே வீட்டில் அடுப்பு அணைவதில்லை. குதிரில் இருப்பது தீரும்வரை ஓடும். மஜ்ஜையிலும் ஒரு குதிர் உண்டு. பிளந்து பெருகும் கட்டத்தைத் தாண்டி, முதிர்ச்சிக்காகக் காத்திருக்கும் நியூட்ரோஃபில்கள் அங்கே சேமிப்பில் இருக்கின்றன. பிளவு முடிந்துவிட்டதால் கீமோ மருந்து அவற்றைப் பெரிதாகத் தொடுவதில்லை. அவை ஒவ்வொன்றாக வெளியே வந்து ஒரு வாரத்தை ஓட்டிவிடும். அதற்குப் பின்னால் வரவேண்டிய இளம் தலைமுறைதான் அழிந்திருக்கிறது. அந்த வெற்றிடம் ரத்தத்தில் தெரியவரும் காலம் பெரும்பாலான மருந்துகளுக்கு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை. அதற்குள் உறங்கிக்கிடந்த மூலசெல்கள் விழித்து வேலையைத் தொடங்க, மூன்று வாரத்தில் கணக்கு நேராகும். பல கீமோ திட்டங்கள் 21 நாளுக்கு ஒரு முறை என்று அமைந்திருப்பதற்கு மஜ்ஜையின் இந்தக் கால அட்டவணை ஒரு முக்கியக் காரணம்.

இந்த மருந்துகளின் பக்கவிளைவு, மருந்துக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது என்பது விசித்திரம். முதல் உலகப்போரில் கடுகுவாயுத் தாக்குதலுக்கு உள்ளான சிப்பாய்களின் ரத்தத்தைச் சோதித்த அமெரிக்க நோயியலாளர் எட்வர்டு கிரம்பார், அவர்களுக்கு வெள்ளணுக்கள் சரிந்திருப்பதை 1919-ல் எழுதினார். வெள்ளணுவை அழிக்கிற பொருள், வெள்ளணுவில் வரும் புற்றையும் அழிக்குமே என்ற எண்ணம் அதிலிருந்து கிளைத்தது. 1942-ல் யேல் பல்கலைக்கழகத்தில் லூயி குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் குழு, அந்த வாயுவின் உறவுக்கார வேதிப்பொருளான நைட்ரஜன் மஸ்டர்டை ஒரு நிணநீர்ப் புற்றுநோயாளிக்குச் செலுத்தியது. கட்டிகள் கரைந்தன. கூடவே மஜ்ஜையும் படுத்தது. போர் ரகசியம் என்பதால் இது 1946-ல்தான் அச்சில் வந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் மருந்துகள் பெருகின. வாஷிங்டனுக்கு அருகே பெதஸ்டாவில் இருக்கும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளின் வார்டில் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் ஒழுகியே பிள்ளைகள் இறந்துகொண்டிருந்த காலம் அது. எமில் ஃப்ரைரைக் அவர்களுக்குப் பிளேட்லெட் ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். ரத்தக்கசிவுச் சாவுகள் குறைந்தன. அது குறைந்ததும் அதன் பின்னால் நின்ற இன்னொன்று தெளிவாகத் தெரிந்தது. 1954 முதல் 1963 வரையிலான 414 ரத்தப் புற்றுநோயாளிகளின் மரணக் காரணங்களை அதே நிறுவனத்தார் அலசி 1965-ல் வெளியிட்டபோது, தொற்றுதான் தலையாய காரணமாக நின்றது.

அந்தக் குழுவில் இருந்த ஜெரால்டு போடி 1966-ல் வெளியிட்ட கட்டுரை, இன்றும் ஒவ்வொரு புற்றுநோய் வார்டையும் ஆளுகிறது என்று சொன்னால் மிகையாகாது. 52 நோயாளிகள். அவர்களின் வெள்ளணுக்களைத் திரும்பத்திரும்ப எண்ணினார்கள். எந்த எண்ணிக்கையில் இருக்கும்போது தொற்று வந்தது என்று குறித்தார்கள். இவ்வளவுதான் ஆய்வு. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் நியூட்ரோஃபில் 1,000-க்குக் கீழே இறங்கும்போது தொற்று கூடத் தொடங்குகிறது. 500-க்குக் கீழே வேகமெடுக்கிறது. 100-க்குக் கீழே மிக மோசம். எவ்வளவு நாள் கீழேயே கிடக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். இரண்டு நாள் பள்ளமும் இரண்டு வாரப் பள்ளமும் ஒன்றில்லை. மார்பகப் புற்றுக்குக் கீமோ எடுப்பவரைவிட ரத்தப் புற்றுக்கு எடுப்பவர் அதிக ஆபத்தில் இருப்பதற்கு இதுவே காரணம். கீமோ எடுக்கும் திடக்கட்டிப் புற்றுநோயாளிகளில் ஏதாவதொரு சுற்றில் நியூட்ரோஃபில் குறைந்து காய்ச்சல் வருபவர்கள் 10 முதல் 50 சதவீதம். ரத்தப் புற்றுநோயாளிகளில் 80 சதவீதத்துக்கு மேல்.

இந்த எண்ணை நம் கையில் இருக்கும் லேப் ரிப்போர்ட்டிலிருந்து நாமே கணக்கிடலாம். "கவுன்ட் எவ்வளவு?" என்று வார்டில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது மொத்த வெள்ளணு எண்ணிக்கையை. டோட்டல் கவுன்ட் 1,400 என்றும் அதில் நியூட்ரோஃபில் 25 சதவீதம் என்றும் இருந்தால், 1,400-ல் கால் பங்கு, அதாவது 350. மொத்தத்தைப் பார்த்து ஆயிரத்துக்கு மேல் இருக்கிறதே என்று ஆறுதல்படுகிறவர், உண்மையில் 500-க்குக் கீழே நிற்கிறார். சதவீதத்தால் பெருக்கிப் பார்க்காமல் மொத்தக் கவுன்ட்டை மட்டும் பார்ப்பதில் அர்த்தம் குறைவு.

இனி விஷயத்தின் கடினமான பகுதி. நியூட்ரோஃபில் இல்லாத உடம்பில் தொற்று வந்தால் அது தொற்று மாதிரியே தெரியாது. சாதாரண மனிதனுக்கு ஊசி குத்திய இடம் சிவக்கும், வீங்கும், சீழ் பிடிக்கும். நுரையீரலில் என்றால் கெட்டிச் சளி வரும், எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு தெரியும். இவை எல்லாம் நியூட்ரோஃபில்கள் திரண்டு வந்து சண்டை போடுவதன் தடயங்கள். சண்டைக்கு ஆளே வராதபோது தடயம் ஏது? எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். தொண்டை லேசாகச் சிவந்திருக்கும். பாக்டீரியா ரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும். காய்ச்சல் மட்டும் வரும். காரணம், காய்ச்சலை மூட்டுவதற்கு நியூட்ரோஃபில் தேவையில்லை. திசுக்களில் நீண்டநாள் தங்கி வாழும் மேக்ரோஃபேஜ் போன்ற வேறு காவல் செல்கள் கிருமியை உணர்ந்து வேதிச் சைகைகளை வெளியிடும். அவை மூளையின் ஹைப்போதலாமஸுக்குப் போய்ச் சேர்ந்தால் உடம்பின் சூட்டளவு உயரும்.

வீடு முழுக்கத் திருடன் நுழைந்திருக்க, குரைக்கிறதற்கு மிஞ்சியிருப்பது ஒரே நாய். அந்த நாயின் வாயைத்தான் நாங்கள் பாராசிட்டமால் கொடுத்துக் கட்டினோம். மாத்திரை காய்ச்சலைக் குறைத்தது. பாக்டீரியாவை ஒன்றும் செய்யவில்லை. வாந்தி வராமலிருக்கக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளும் காய்ச்சலை மறைக்கக்கூடியவை. வயதானவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே வராமல் சோர்வு, குழறல், மூச்சிரைப்பு, உடம்பு சில்லிடுதல் என்று வேறு முகத்தில் வரும். அதையும் காய்ச்சலுக்குச் சமமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிருமி எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. எங்கள் வீட்டில் அன்றைக்கு முந்தின நாள் பார்க்க வந்து தும்மிய ஒரு சித்தப்பா மேல்தான் பழி விழுந்தது. பாவம், அவருக்கும் இதற்கும் சம்பந்தம் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. இந்தக் காய்ச்சல்களில் பெரும் பங்கு நோயாளியின் சொந்தக் குடலில் காலம்காலமாகக் குடியிருந்த பாக்டீரியாக்களால் வருவது. குடலின் உள்தோல் கீமோவில் அரித்துப்போகிறது; வாயில் வருகிற புண் அதன் வெளியே தெரியும் நுனி. வேலி பிய்ந்த இடத்தில் இ.கோலை, க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்றவை ரத்தத்துக்குள் நழுவுகின்றன. அவ்வளவு தேடியும் எல்லோரிடமும் கிருமி சிக்குவதில்லை: இந்தக் காய்ச்சலோடு வருகிறவர்களில் ரத்தத்தில் பாக்டீரியா பிடிபடுவது 10 முதல் 25 சதவீதம் பேருக்குத்தான்.

இங்கே சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. கீமோ நோயாளிக்குப் பழம் கூடாது, பச்சைக் காய் கூடாது என்று வெந்ததையே போட்டு வாய் மரத்துப்போக வைப்பது நம் வீடுகளில் மட்டும் நடப்பதில்லை, மருத்துவமனைகளிலேயே நீண்டகாலம் விதியாக இருந்தது. ஹூஸ்டனில் 153 ரத்தப் புற்றுநோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வேகவைத்த உணவு மட்டும், மறு பாதிக்குப் பச்சைக் காய்கனிகளும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2008-ல் வெளியான அதன் முடிவு: பெரிய தொற்று வந்தவர்கள் முதல் குழுவில் 29 சதவீதம், இரண்டாவதில் 35. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்தான். ஹூஸ்டன் தண்ணீரும் நம் ஊர்த் தண்ணீரும் ஒன்றா என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆகவே கடையில் வெட்டி வைத்த பழத்தையும் சாலையோரச் சட்னியையும் தவிர்ப்போம். ஆனால் வீட்டில் கழுவித் தோலுரித்த வாழைப்பழத்தையும் ஆரஞ்சையும் பறிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஏற்கெனவே சாப்பிட முடியாமல் இளைத்துக்கொண்டிருப்பவர் அவர். உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கை கழுவுவதில் மட்டும் சமரசமே வேண்டாம்.

எந்தக் கிருமி என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற மருந்தைக் கொடுப்பது மருத்துவத்தின் பழைய ஒழுக்கம். ரத்தத்தை ப்ளட் கல்ச்சர் பாட்டிலில் விட்டு, கிருமி வளர்ந்து, பெயர் தெரிவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். 1960-களில் அந்த ஒழுக்கத்தோடு காத்திருந்த வார்டுகளில், முடிவு வருவதற்குள் நோயாளி இறந்துபோவது சாதாரணமாக நடந்தது. குறிப்பாகச் சூடோமோனாஸ் என்றால் அவகாசமே கொடுக்காது. பால்டிமோர் நகரப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் ஸ்டீஃபன் ஷிம்ஃப் குழு அந்தக் காத்திருப்பை விட்டுவிட்டது. நியூட்ரோஃபில் குறைந்த நோயாளிக்குக் காய்ச்சல் வந்ததா, கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு கார்பெனிசிலின், ஜென்டமைசின் இரண்டையும் ஏற்றத் தொடங்கு. கிருமியின் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1971-ல் இந்த முடிவுகள் வெளியாயின. மருந்துகள் மாறிவிட்டன, இப்போது பைபராசிலின்-டாசோபாக்டம், செஃபிபைம், மெரோபெனம். முறை அதேதான். காய்ச்சலோடு வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் நரம்பில் ஏறியிருக்க வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டு நெறி. கவுன்ட் ரிப்போர்ட் வரட்டும் என்றுகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. "கீமோ போட்டு எத்தனை நாள் ஆச்சு?" என்ற கேள்விக்குப் பத்து என்று பதில் வந்தால் மீதியை அவர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

இப்படிச் சேர்க்கப்படுகிறவர்களில் எத்தனை பேர் திரும்பி வீட்டுக்குப் போகிறார்கள்? 1995 முதல் 2000 வரை அமெரிக்காவின் 115 மருத்துவ மையங்களில் நியூட்ரோஃபில் குறைந்து காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட 41,779 வயதுவந்த புற்றுநோயாளிகளின் பதிவுகளை நிகோல் குடரர் குழு அலசி 2006-ல் வெளியிட்டது. மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 9.5 சதவீதம். பத்தில் ஒருவர். ஆனால் இந்தச் சராசரி யாருக்கும் பொருந்தாத சராசரி. புற்றுநோயைத் தவிர வேறு பெரிய நோய் எதுவும் இல்லாதவர்களில் இறந்தவர்கள் 2.6 சதவீதம்தான். கூட ஒரு பெரிய நோய் இருந்தால் 10.3. ஒன்றுக்கு மேல் இருந்தால் 21.4 சதவீதத்துக்கும் மேல். நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், இதயம், மூளையின் ரத்தக்குழாய் ஆகியவற்றில் ஏற்கெனவே இருக்கும் கோளாறு, 65-க்கு மேற்பட்ட வயது, வந்து சேரும்போதே ரத்த அழுத்தம் சரிந்திருப்பது, நிமோனியா, பூஞ்சைத் தொற்று: இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டின. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் "வேறு ஏதாவது வியாதி இருக்கா?" என்று கேட்கும்போது, புற்றுநோய்க்கு முன்னால் இதெல்லாம் பெரிசா என்று "ஒண்ணுமில்லை" சொல்பவர்கள் உண்டு. அந்தப் பதிலில் எட்டு மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

ஒருவரின் ஆபத்தை வந்த உடனே எடை போடுவதற்கு ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ழான் கிளாஸ்டர்ஸ்கி தலைமையில் பல நாட்டு மருத்துவமனைகளின் 1,139 நோயாளிகளை வைத்துத் தயாரித்து 2000-ல் வெளியிட்டது. மாஸ்க் ஸ்கோர் என்பார்கள். மொத்தம் 26. ஆள் தெம்பாக இருந்தால் 5, சுமாராக இருந்தால் 3. மேல் ரத்த அழுத்தம் 90-க்கு மேல் இருந்தால் இன்னொரு 5. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இல்லையென்றால் 4. திடக்கட்டிப் புற்று என்றாலோ, ரத்தப் புற்றாக இருந்தும் முன்பு பூஞ்சைத் தொற்று வந்ததில்லை என்றாலோ 4. நீர்ச்சத்து வற்றாமல் இருந்தால் 3, அறுபதுக்குக் கீழ் வயது என்றால் 2. வார்டில் படுத்திருக்கும்போது வராமல் வீட்டிலிருக்கும்போது காய்ச்சல் வந்திருந்தால் அதற்கும் 3! மருத்துவமனைக் கிருமி வீட்டுக் கிருமியைவிடப் பொல்லாதது என்பதற்கு இதைவிட அதிகாரபூர்வமான ஒப்புதல் வேண்டுமா? 21-ம் அதற்கு மேலும் என்றால் ஆபத்துக் குறைவு. அப்படிப்பட்டவர்களுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் மாத்திரைகளே ஊசி மருந்துக்கு ஈடாக வேலை செய்தன என்று 1999-ல் இரண்டு ஆய்வுகள் காட்டின. ஆக, காய்ச்சலோடு போகிற எல்லோரையும் படுக்கையில் போடுவதில்லை. போகாமல் வீட்டில் உட்கார்ந்து அதை முடிவு செய்ய முடியாது என்பதுதான் விஷயம்.

அந்த அட்டவணையில் இல்லாதவற்றைக் கவனித்தீர்களா? புற்றுநோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற கேள்வி அதில் கிடையாது. நியூட்ரோஃபில் எண்ணிக்கைகூட இல்லை. பெரியம்மாவுக்கு இரண்டாம் கட்டப் புற்று, குணமாகக்கூடியது என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் புற்று அவரைக் கொல்ல வந்திருந்தால் அதற்குப் பல வருஷம் ஆகியிருக்கும். காய்ச்சலுக்கு ஓர் இரவு போதுமாக இருந்தது. ரத்த அழுத்தத்துக்கு 5 போயிற்று, தெம்புக்கு 5 போயிற்று, நீர்ச்சத்துக்கு 3 போயிற்று. அறுபத்து மூன்று வயதுக்கு 2. மிஞ்சியது 11. முந்தின நாள் இரவே கொண்டுபோயிருந்தால் இழந்திருக்கக்கூடியது வயதுக்கான அந்த 2 மட்டும்தான் என்று பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியப்பாவிடம் சொல்லவில்லை.

இனி நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று. மேலை நாடுகளில் 1980-களுக்குப் பிறகு, கழுத்து நரம்பில் நீண்டநாள் வைக்கும் குழாய்களின் வழியே தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகைகள் முன்னுக்கு வந்தன. இந்தியாவில் குடல்வாசி பாக்டீரியாக்களின் கை ஓங்கியே இருக்கிறது. அவை மருந்துக்கு மசியாதவையாகவும் மாறியிருக்கின்றன. மெரோபெனம் போன்ற கடைசி வரிசை மருந்துகளையே உடைத்துப்போடும் என்.டி.எம்-1 என்ற நொதி சென்னை, ஹரியானா மாதிரிகளில் பரவலாகக் கிடைத்ததை, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை 2010-ல் உலகுக்குச் சொன்னது. என்.டி. என்று பெயரில் நியூ டில்லியைச் சேர்த்ததற்கு எழுந்த கூச்சலில் விஷயம் கொஞ்ச நாள் அமுங்கியது. 2012-ல் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் முறைகேட்டைத் தடுக்க ஒரு செயல்திட்டம் வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்று அதற்குப் பெயர். 2014 மார்ச் முதல் ஷெட்யூல் எச்1 விதி வந்து, குறிப்பிட்ட 46 மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றானது. தெருமுனை மருந்துக்கடையில் சளிக்கு ரெண்டு, வயிற்றுப்போக்குக்கு ரெண்டு என்று நாம் வாங்கி விழுங்கியதற்கெல்லாம் பில் வந்து சேரும் இடங்களில் முதலாவது புற்றுநோய் வார்டு. நியூட்ரோஃபில் இல்லாத உடம்புக்கு மருந்தை விட்டால் வேறு துணை கிடையாது. அந்த மருந்தும் பலிக்காவிட்டால், சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று எப்போதோ ஒதுக்கிவைத்த கோலிஸ்டினைத் தூசி தட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. நோயாளி முன்பு எந்த மருத்துவமனைகளில் எத்தனை நாள் இருந்தார், என்ன ஆன்டிபயாட்டிக் எடுத்தார் என்ற பழைய சீட்டுகளை டாக்டர் கேட்பது இதனால்தான். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மருந்து கொடுத்தும் நாலைந்து நாளுக்குமேல் காய்ச்சல் நீடித்தால் பூஞ்சையைச் சந்தேகிப்பார்கள், சி.டி. எடுப்பார்கள். அது தனிக் கதை.

"கவுன்ட் ஏத்துற ஊசி" பற்றி எல்லா அட்டெண்டர்களுக்கும் தெரியும். அதன் மூலப்பொருள் நம் உடம்பே சுரக்கிற ஜி-சிஎஸ்எஃப் என்ற புரதம். மஜ்ஜைக்கு நியூட்ரோஃபில்லைச் சீக்கிரம் தயாரிக்கச் சொல்லும் உத்தரவுச்சீட்டு. மெல்போர்னில் டொனால்டு மெட்காஃப், தட்டில் மஜ்ஜை செல்களை வளர்த்து, அவற்றை எது வளரச் செய்கிறது என்று இருபது வருஷம் துரத்திய வேலையின் பலன் இது. 1983-ல் எலியின் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1986-ல் மனித மரபணு கைக்கு வந்தது. 1991-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதை உற்பத்தி செய்வது இ.கோலை பாக்டீரியாவை வைத்து. வார்டில் ஆளைக் கொல்லும் அதே இனம் தொழிற்சாலைத் தொட்டியில் ஆளைக் காக்கும் மருந்தைச் சமைக்கிறது. இந்திய நிறுவனங்களும் இதைத் தயாரிக்கின்றன. காய்ச்சல் வரும் ஆபத்து 20 சதவீதத்துக்கு மேலுள்ள கீமோ திட்டங்களுக்கு இதை முன்கூட்டியே போடுவது நடைமுறை. ஊசி போட்ட மறுநாள் இடுப்பெலும்பிலும் முதுகிலும் வலித்தால் மஜ்ஜை வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்த ஊசியைப் போட்டாயிற்று என்ற தைரியத்தில் காய்ச்சலை அலட்சியப்படுத்த முடியாது. பெரியம்மாவுக்கும் போட்டிருந்தார்கள்.

நான்காவது கீமோவிலிருந்து பெரியப்பா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். கீமோ போட்ட நாளை ஒன்று என்று எண்ணி, மாதக் காலண்டரில் ஏழிலிருந்து பதினான்கு வரையான கட்டங்களைச் சிவப்புப் பேனாவால் சுற்றிவிடுவார். அந்த நாட்களில் காலை, மாலை இருவேளையும் நாக்குக்கடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, அளவைக் கட்டத்துக்குள் எழுதுவார். உங்கள் வீட்டில் கீமோ எடுப்பவர் இருந்தால் இதைச் செய்யுங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குள் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். 101 டிகிரி ஒருமுறை வந்தாலும் சரி, 100.4 வந்து ஒரு மணி நேரம் நின்றாலும் சரி, அது அவசரம். நள்ளிரவானாலும் கிளம்புங்கள். டாக்டரிடம் கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். பக்கத்துக் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். பிளேட்லெட்டும் குறைந்திருந்தால் உள்ளே ரத்தம் கட்டும், அந்த இடமே தொற்றுக்கு வாசலாகும். ஆசனவாயில் தெர்மாமீட்டர், எனிமா எதுவும் கூடாது. புற்றுநோய் மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருந்தால், அருகிலுள்ள பெரிய மருத்துவமனை எது, அங்கே இரவில் யார் இருப்பார்கள் என்று முதல் கீமோவுக்கு முன்பே விசாரித்து, கீமோ மருத்துவமனையின் போன் நம்பரோடு சேர்த்து அதே காலண்டரில் எழுதிவையுங்கள். கேஷுவாலிட்டி வாசலில் காய்ச்சல் என்று தொடங்கினால் டோக்கன் கொடுத்து உட்காரச் சொல்வார்கள். "கீமோ போட்டு இன்னிக்குப் பத்தாம் நாள், இப்ப காய்ச்சல்" என்று தொடங்குங்கள்.